வந்த ஃபைல்களை ஒவ்வொன்றாக இழுத்துப் போடாதீர்கள்: ரீப்பருக்கு ஒரு சின்ன ஸ்கிரிப்ட்

மிக்ஸிங்குக்கு ஒரு ஃபோல்டர் வருகிறது, திறந்தால் உள்ளே 40 வேவ் ஃபைல்கள். ஒவ்வொன்றாக இழுத்து, சரியான ட்ராக்கில் விட்டு, எல்லாம் ஒரே இடத்தில் தொடங்குகிறதா என்று பார்த்து முடிப்பதற்குள் அரைமணி நேரம் போய்விடும். பாட்டை முதல்முறை கேட்கும்போதுதான் காது எதற்கும் பழகாமல் இருக்கும், அந்த நேரத்தை மவுஸ் பிடித்து வீணாக்குவது எனக்குப் பிடிக்கவே இல்லை. அதனால் இந்த வேலையை ஸ்கிரிப்டிடம் கொடுத்துவிட்டேன்.

நான் சொல்வது ரீப்பர் (REAPER) என்ற ஒலிப்பதிவு, மிக்ஸிங் மென்பொருளில். ஸ்கிரிப்ட் எழுத உதவும் லுவா என்ற நிரல்மொழி அதற்குள்ளேயே இருக்கிறது, தனியாக எதையும் நிறுவ வேண்டாம். ஆர்டர் (Ardour) என்ற இன்னொரு ஒலிப்பதிவு மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் லுவா உண்டு, கட்டளைகளின் பெயர்தான் வேறு.

முதலில் டெம்ப்ளேட். கிக், ஸ்னேர், பேஸ், லீட் வோக்கல் என்று ட்ராக்குகளை உருவாக்கி, நிறம், பஸ் (பல ட்ராக்குகளை ஒன்றாகச் சேர்க்கும் ட்ராக்), வழக்கமாகப் போடும் ஈக்யூ (ஒலியின் தொனியைச் சரிசெய்வது) எல்லாம் வைத்து ப்ராஜெக்ட் டெம்ப்ளேட்டாகச் சேமியுங்கள்.

அடுத்தது ஃபைல் பெயர், பாதி வேலை இதில்தான் இருக்கிறது. எண், அடிக்கோடு, கருவியின் பெயர், தேவைப்பட்டால் இன்னொரு அடிக்கோடு போட்டு மைக் விவரம். அதாவது ‘03_ஸ்னேர்_மேல்’. எண்ணுக்கு முன்னால் அந்தப் பூஜ்ஜியம் முக்கியம், இல்லையென்றால் எழுத்து வரிசையில் 10 வந்த பிறகுதான் 2 வரும். ஃபைல் அனுப்புகிறவரிடம் முன்கூட்டியே இந்த அமைப்பைச் சொல்லிவிடுங்கள், பெரும்பாலும் மகிழ்ச்சியாகச் செய்து தருவார்கள்.

சரி, இப்போது ஸ்கிரிப்ட். ஆக்‌ஷன் லிஸ்ட்டைத் திறந்து நியூ ஆக்‌ஷனில் புதிய ரியாஸ்கிரிப்ட் (ரீப்பருக்கான ஸ்கிரிப்ட்) ஒன்றைத் தொடங்குங்கள். முதல் வரியில் கெட்யூசர்ஃபைல்நேம்ஃபார்ரீட் (GetUserFileNameForRead) என்ற கட்டளை. இது ஒரு ஃபைலைத் தேர்வு செய்யச் சொல்லும், ஃபோல்டரில் உள்ள ஏதாவது ஒன்றைக் காட்டினால் போதும், அந்த முகவரியின் கடைசிச் சாய்கோடு வரை வெட்டி எடுத்தால் ஃபோல்டர் கிடைத்துவிடும். பிறகு எனுமரேட்ஃபைல்ஸ் (EnumerateFiles) கட்டளையை 0-இலிருந்து எண்ணிக்கொண்டே போகச் சொல்லுங்கள், ஃபைல் தீர்ந்ததும் ‘nil’ (எதுவும் இல்லை) என்று பதில் வரும், அங்கே நிறுத்திவிடலாம். அது ஃபோல்டர் பட்டியலை நினைவில் வைத்துக்கொள்ளும், அதனால் தொடக்கத்தில் ஒருமுறை -1 கொடுத்துப் புதிதாகப் படிக்க வைப்பது நல்லது. கிடைத்த பெயர்களை ஒரு டேபிளில் (லுவாவின் பட்டியல்) போட்டு வரிசைப்படுத்துங்கள்.

அப்புறம் ஒவ்வொரு பெயரிலும் முதல் அடிக்கோட்டுக்குப் பின்னால் வரும் சொல்லை எடுத்து, அதே பெயருள்ள ட்ராக்கைத் தேடி, அதை மட்டும் செலக்ட் செய்து, இன்சர்ட்மீடியா (InsertMedia) கட்டளையை 0 (தேர்ந்த ட்ராக்கிலேயே போடு) என்ற முறையில் அழைக்க வேண்டும். இங்கே ஒரு இடத்தில் கவனமாக இருங்கள். இன்சர்ட்மீடியா எடிட் கர்சர் நிற்கும் இடத்தில் ஃபைலை வைக்கும், வைத்ததும் கர்சர் அந்த ஃபைலின் முடிவுக்குத் தாவக்கூடும். நான் முதலில் எழுதியபோது கிக் ஒரு நிமிடத்திலும் ஸ்னேர் ஐந்தாவது நிமிடத்திலும் என்று எல்லாம் படிக்கட்டு மாதிரி வலப்பக்கம் இறங்கிக்கொண்டே போயிருந்தன. ஒவ்வொரு ஃபைலுக்கும் முன்னால் செட்எடிட்கர்பாஸ் (SetEditCurPos) மூலம் கர்சரை 0-க்குக் கொண்டுவந்துவிடுங்கள், தீர்ந்தது. அண்டூ பிளாக் ஒன்றுக்குள் மொத்தத்தையும் வைத்தால், பிசகினால் ஒரே அண்டூவில் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

பெயர் பொருந்தாத ஃபைலை என்ன செய்வது? தவிர்த்துவிட்டுப் போகும்படி எழுதாதீர்கள். கடைசியில் புதிய ட்ராக் ஒன்றைச் சேர்த்து, ஃபைல் பெயரையே அதற்கு வைத்து, சிவப்பு நிறம் அடித்து, அதில் போடச் சொல்லுங்கள். சத்தமில்லாமல் விட்டுப்போன ஒரு பின்னணிக் குரலை மிக்ஸ் முடிந்தபின் கண்டுபிடிப்பதைவிட மோசமான விஷயம் இந்த வேலையில் குறைவு.

மேக்கிலிருந்து எக்ஸ்ஃபேட் (exFAT) வடிவ டிஸ்க்கில் வரும் ஃபோல்டர்களில் புள்ளியும் அடிக்கோடும் சேர்த்துத் தொடங்கும் நிழல் ஃபைல்கள் இருக்கும். பெயரின் முடிவில் வேவ் என்றே இருப்பதால் ஸ்கிரிப்ட் ஏமாந்துவிடும், ஆனால் உள்ளே ஒலி கிடையாது. பெயர் புள்ளியில் தொடங்கினால் தள்ளிவிடு என்று ஒரு வரி போதும்.

சாம்பிள் ரேட்டையும் (ஒலியை ஒரு விநாடிக்கு எத்தனை முறை அளந்து பதிந்திருக்கிறது என்பது) சோதித்துவிடுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ் ப்ராஜெக்டில் 44.1 ஃபைல் விழுந்தால் ரீப்பர் தானே மாற்றி வாசித்துவிடும், காதுக்கு எதுவும் தெரியாது. ஆனால் பல ஃபைல்களில் ஒன்று மட்டும் வேறு ரேட்டில் இருந்தால், அது வேறெங்கோ ஏற்றுமதி ஆனது என்று அர்த்தம், பழைய டேக் (முன்பு பாடியோ வாசித்தோ பதிந்தது) ஆகவும் இருக்கலாம். நீளமும் அப்படித்தான்: எல்லாம் ஒரே நீளத்தில் வர வேண்டிய இடத்தில் ஒன்று குட்டையாக இருந்தால் அனுப்பியவரைக் கேளுங்கள். இந்த இரண்டையும் ஷோகன்சோல்எம்எஸ்ஜி (ShowConsoleMsg) மூலம் திரையில் எழுதச் சொன்னால் போதும்.

நேரமுத்திரை (எந்த நேரத்தில் தொடங்க வேண்டும் என்ற குறிப்பு) உள்ளேயே கொண்ட பிராட்காஸ்ட் வேவ் ஃபைல்களை மட்டும் 0-இல் வைத்த நிலையிலேயே விட்டுவிடாதீர்கள். மூல இடத்துக்கு நகர்த்தும் ஆக்‌ஷன் ரீப்பரிலேயே இருக்கிறது, கடைசியில் அதை ஓட்டினால் சரியாகிவிடும்.

ஃபோல்டரைக் கண்காணித்து, புது ஃபைல் விழுந்த நொடியே தானாக இழுத்துக்கொள்ளும்படியும் எழுதலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. இன்னும் காப்பி ஆகிக்கொண்டிருக்கும் ஃபைலை ரீப்பர் எடுத்துவிட்டால் பாதியோடு நின்றுவிடும். வேண்டும் என்றால், சில விநாடிகள் இடைவெளியில் ஃபைலின் அளவை இரண்டு முறை பார்த்து, மாறாமல் இருந்தால் மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். நான் ஸ்கிரிப்டுக்கு ஒரு ஷார்ட்கட் கீ வைத்திருக்கிறேன், காப்பி முடிந்தபின் நானே அழுத்துகிறேன்.