“சுன்னா மட்டும்தான்” என்ற பதிலை நம்பிவிடாதீர்கள்

சிறுமிகளின் பிறப்புறுப்பை வெட்டும் வழக்கம் உள்ள சோமாலியாவில் ஒரு தாய், “ஃபிர்அவ்ன் முறையெல்லாம் விட்டாச்சு, இப்ப சுன்னா மட்டும்தான்” என்றால், அந்த வழக்கத்தை நிறுத்த உதவ வந்தவர்கள் பலர் அதை வெற்றிக் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். முதல் சறுக்கல் அங்கேதான்.

ஃபிர்அவ்ன் முறை என்பது சிறுமியின் பிறப்புறுப்பை வெட்டி, இரு பக்கத்தையும் சேர்த்துத் தைத்து, சின்னத் துளை மட்டும் விடுவது. முன்பெல்லாம் முள்ளால் தைப்பார்கள். புண் ஒட்டும்வரை கால்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டிப்போடுவார்கள். சுன்னா முறை என்றால் ‘கொஞ்சம்’ மட்டும் வெட்டுவதாம். எவ்வளவு கொஞ்சம் என்பது வெட்டுகிறவர் கையில் இருக்கிறது. அதிலும் தையல் விழுவதுண்டு. சுன்னத் என்ற சொல் நமக்கும் தெரிந்ததுதானே? நபிவழி என்ற பொருள் ஒட்டிக்கொண்டே வரும். பெயரே மார்க்க அனுமதி போல ஆகிவிடுகிறது. 2020இல் வெளியான சுகாதாரக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் 99 சதவீதம் பேர் வெட்டப்பட்டவர்கள். இதை மார்க்கக் கடமை என்று நம்பியவர்கள் 72 சதவீதம். குர்ஆனில் இதற்கு ஒரு வரிகூடக் கிடையாது. ஆனால் வெளியூர்க்காரர் சொன்னால் எடுபடாது, உள்ளூர் இமாம் சொல்ல வேண்டும். அவரும் ‘எந்த வகையும் கூடாது’ என்று சொல்ல வேண்டும். சோமாலியாவிலிருந்து பிரிந்து தனி அரசு நடத்தும் சோமாலிலாந்தில் 2018இல் வந்த ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) கடுமையான வகைகளை மட்டுமே தடுத்தது. சுன்னாவுக்குக் கதவு திறந்தே கிடந்தது.

அடுத்த சறுக்கல், வெட்டும் மூதாட்டிக்குத் தையல் மிஷின் வாங்கிக் கொடுத்து, கத்தியைக் கீழே போடும் போட்டோவை எடுத்துக்கொண்டு திரும்புவது. கூப்பிடும் வீடு இருக்கும்வரை இன்னொரு கை கிடைக்கும். இப்போது கையுறை மாட்டி, மரத்துப்போக ஊசி போட்டு நர்ஸே செய்வதும் உண்டு. வெட்டு வெட்டுதான்.

இதெல்லாம் ஆண்களின் கட்டளை என்று நினைப்பதும் பிசகு. சோமாலிலாந்தின் தலைநகர் ஹர்கெய்சாவில் மகப்பேறு மருத்துவமனை கட்டிய எட்னா அடான் இஸ்மாயிலுக்குச் சின்ன வயதில் இதைச் செய்வித்தது தாயும் பாட்டியும். அதுவும் மருத்துவரான அப்பா ஊரில் இல்லாத நேரத்தில். திரும்பி வந்தவர் கொதித்துப்போனார். அந்தப் பெண்கள் கொடுமைக்காரிகள் அல்ல. வெட்டாத பெண்ணை யார் கட்டுவார்கள் என்ற பயம். அதனால் ஒரு வீடு தனியாக மனம் மாறிப் பயனில்லை; பெண் கொடுத்து எடுக்கும் வீடுகள் சேர்ந்து மாற வேண்டும்.

சட்டம் வந்தால் போதுமா? சோமாலியாவின் 2012 இடைக்கால அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு இதைச் சித்திரவதைக்குச் சமம் என்று தடை செய்துவிட்டது. அதன் பிறகும் வெட்டு நிற்கவில்லை.

நன்கொடை தருபவர்கள் செய்யும் தவறு, ஓராண்டுத் திட்டம். பெரும்பாலான சிறுமிகளுக்கு இது நடப்பது 5 முதல் 9 வயதுக்குள். ஐந்து வயதில் தப்பித்தவள் ஏழு வயதில், பாட்டி வீட்டு விடுமுறையில் மாட்டிக்கொள்ளலாம். பணம் அனுப்பும் முன் அமைப்பிடம் எத்தனை கூட்டம் போட்டீர்கள் என்று கேட்காதீர்கள். நீங்கள் போன ஊரில் எத்தனை சிறுமிகள் வெட்டுப்படாமல் பத்து வயதைத் தாண்டினார்கள் என்று கேளுங்கள்.