மடுத் திருவிழாவில் கூடாரங்களைப் பார்க்க நிற்கிற தொண்டருக்கு

ஓகஸ்ட் 15, இலங்கையின் மன்னார்ப் பக்கத்து மடுக் கோயிலில் மடு மாதாவின் ஆவணித் திருவிழா. அதற்குப் பல நாள் முன்னமே சனம் தறப்பாளோடு வந்து மரங்களுக்குக் கீழே இறங்கிவிடும். அவையளுக்கு இடம் காட்ட நிற்கப் போறீங்களென்றால் விடியவே தொடங்குங்கோ.

முதல் வேலை தண்ணீர். குடிக்கிற குழாயடியில் உடுப்புத் தோய்க்க விடவேண்டாம். ஒரு கூடாரத்தில் வயிற்றோட்டம் தொடங்கினால் பக்கத்துக் கூடாரத்துக்குப் பரவ நேரமெடுக்காது. வயிற்றோட்டத்துக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் குடுக்கிற ஜீவனிப் பைக்கற் எப்பவும் கையில் இருக்கட்டும்.

எனக்குப் பெரிய பயம் அடுப்புத்தான். அந்த நாட்களில் சோழகக் காற்று வீசும், சருகு முறுகிக் கிடக்கும். மூன்று கல் வைக்க முன்னம் சுற்றிவரக் கூட்டி வெறும் மண் தெரியப் பண்ணுங்கோ. காற்று அடுப்பைத் தாண்டிக் கூடாரப் பக்கம் போனால் பொறி நேரே தறப்பாளில் விழும். அடுப்பை மற்றப் பக்கம் மாற்றச் சொல்லுங்கோ. சமைத்து முடிய தண்ணீர் ஊற்றி, சாம்பலைத் தடியால் கிளறி, புறங்கையை மேலே பிடித்துப் பாருங்கோ. சூடு தெரிந்தால் இன்னும் ஊற்றவேணும்.

இரவில் கழிப்பறைக்குப் போறவைக்கு ரோச்லைற் கட்டாயம். பாம்பு கடித்தால் வெட்டாமல், கட்டாமல், ஆளை நடக்க விடாமல் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ.

சிங்களச் சனமும் நிறைய வரும். அவையளும் அதே மாதாவிடம்தான் வருகினம், தண்ணீர் வரிசையில் பாகுபாடு காட்டக்கூடாது. குப்பைப் பையைக் கூடாரம் போடேக்கையே கையில் குடுத்துவிடுங்கோ. பிறகு குரங்கு இழுத்துப் பரப்பினதைப் பொறுக்க ஆள் காணாது.