ஆண்கள் நிறைந்த குற்றக் கதையைப் பெண்களே நடிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பல், கடத்தல், துரோகம், கொலை என்று போகும் கதையில் பத்துப் பாத்திரம் இருந்தால் ஒன்பது ஆணாகத்தான் இருக்கும். அதை முழுக்கப் பெண்களை வைத்து மேடையேற்றும் குழுக்கள் முதல் ஒத்திகையிலேயே சறுக்கும் இடம் ஒன்று உண்டு. குரலைக் கனமாக்குவார்கள், காலை அகட்டி நடப்பார்கள், மீசை ஒட்டுவார்கள். 'ஆண்' என்று பொதுவாக ஒன்றை நடிக்கத் தொடங்கியதும் பாத்திரம் காணாமல் போய்விடும். தொண்டையும் சீக்கிரமே கட்டிக்கொள்ளும்.

கும்பல் தலைவன் மிரட்டுவது தொண்டையால் அல்ல. எதிரில் ஒருவன் நின்று கெஞ்சுகிறான். தலைவன் உட்கார்ந்தபடியே சட்டைக் கையின் பொத்தானைப் போடுகிறான். போட்டு முடிக்கும்வரை நிமிர்ந்து பார்ப்பதில்லை. அவ்வளவுதான், அரங்கம் அடங்கிவிடும். யார் உட்காரலாம், யார் பேச ஆரம்பித்தால் மற்றவர்கள் வாயை மூடுகிறார்கள் என்பதை முதலில் ஒத்திகை பாருங்கள். ஜப்பானின் தகராசுகா குழுவில் 1914 முதல் பெண்களே ஆண் வேடம் கட்டுகிறார்கள். ஆனால் அது இரண்டு வருடப் பள்ளிப் பயிற்சியில் தொடங்கி மேடையில் பல வருடம் வளரும் தனிப் பாணி. சில வார ஒத்திகையில் அதைப் பிடிக்க முடியாது.

அடுத்தது, தமிழில் நம்மை விடாத சிக்கல். பெண்கள் ஆண்களாக நடிக்கிறார்களா, பாத்திரங்களே பெண்களாகிவிட்டார்களா? முடிவெடுக்காமல் தொடங்கினால் வினைமுற்றே காட்டிக்கொடுத்துவிடும். ஒரு காட்சியில் "வந்துட்டான்", அடுத்ததில் "வந்துட்டா" என்றால் பார்ப்பவர் கதையை விட்டுவிட்டு விகுதியைத் துரத்துவார். பாத்திரங்களைப் பெண்களாக்கினால் "அண்ணே" சுலபமாக "அக்கா" ஆகிவிடும். ஆனால் "டேய்" என்பதை "அடியே" என்று மாற்றினால் மிரட்டல் செத்துவிடும். அதில் உரிமையும் செல்லமும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த இடத்தில் வெறும் பெயரைச் சொல்லிக் கூப்பிட வையுங்கள். இன்னும் பயமாக இருக்கும்.

மூன்றாவது வழியும் உண்டு. 2012-இல் லண்டன் டான்மார் வேர்ஹவுஸ் அரங்கில் இயக்குநர் ஃபிலிடா லாயிட் ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தைப் பெண்கள் சிறையில் கைதிகள் நடிப்பதாக அமைத்தார். அருமையான யோசனை. அதற்காக எல்லாக் கதைக்கும் சிறைக் கம்பி போடாதீர்கள்.

தாயையும் தங்கையையும் இழுக்கும் வசவுகளை அப்படியே விடுவதும் தவறு, கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவதும் தவறு. ஒரு பெண்ணின் வாயிலிருந்து வரும்போது அது என்ன செய்கிறது என்று நடிகைகளோடு உட்கார்ந்து, வரிவரியாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். சண்டையை மென்மையாக்கவும் வேண்டாம். சண்டைப் பயிற்சியாளரை வைத்து, அடி விழும் கணக்கைப் பழகுங்கள்.

அப்புறம், நாடகத்தை மேடையேற்றும் உரிமை. 1988-இல் நெதர்லாந்தில் ஒரு குழு 'கோடோவுக்காகக் காத்திருத்தல்' நாடகத்தைப் பெண்களை வைத்து நடத்தியபோது அதை எழுதிய சாமுவேல் பெக்கெட்டின் தரப்பு வழக்குப் போட்டது. தீர்ப்பு குழுவின் பக்கம் வந்தது. பெக்கெட்டோ அந்த நாட்டில் தன் நாடகங்களுக்கே தடை விதித்தார். அதனால் அனுமதிக் கடிதத்தில் 'நடிப்பவர் அனைவரும் பெண்கள்' என்ற வரியையும் சேர்த்து, ஒத்திகைக்கு முன்பே எழுதி வாங்கிவிடுங்கள்.