ஸ்டென்ட் வைத்த பிறகு சொதப்புகிற இடங்கள்

மெடிக்கல் கடையில் நிற்கிறவனுக்கு இதெல்லாம் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். அடைபட்ட இதய ரத்தக்குழாயை விரித்துப் பிடிக்க ஸ்டென்ட் வைத்து வந்தவர் முதல் மாதம் சீட்டில் உள்ள எல்லா மாத்திரையும் வாங்குவார், மூன்றாவது மாதம் "விலை கூடின அது மட்டும் வேணாம் தம்பி, இப்போ நல்லாத்தானே இருக்கேன்" என்பார். சிகரெட், ஊறுகாய், அப்பளம் பற்றி டாக்டரே திட்டியிருப்பார், அதை நான் இங்கே திரும்பச் சொல்லவில்லை.

இரண்டில் ஒன்றை நிறுத்துவது

இன்னமும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரெல் அல்லது டிகாக்ரிலோர் எழுதியிருப்பார்கள். இரண்டும் ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி உறையாமல் தடுப்பவை, ஆனால் வேறு வேறு வழியில், அதனால் ஒன்று இருக்கிறதே என்று மற்றதை விட முடியாது. ஸ்டென்ட் ஒரு கம்பிவலை. ரத்தக்குழாயின் உள்சவ்வு அதன்மேல் படர்ந்து மூடும்வரை ரத்தம் அங்கே உறையப் பார்க்கும். மருந்து பூசிய ஸ்டென்ட்டில் அந்த மருந்தே சதை வளராமல் தடுப்பதால் மூடுவதும் மெதுவாகத்தான் நடக்கும். மாரடைப்புக்குப் பின் வைத்தவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு வருடம் இரண்டும் வேண்டும் என்பது இதனால்தான். ரத்தக்கசிவு அபாயம் இருந்தால் டாக்டர் குறைப்பார், நாமாகக் குறைக்கக் கூடாது.

எங்கள் தெரு டெய்லர் ஒருவர் பல் பிடுங்கப் போகிறேன் என்று தானாகவே இரண்டையும் நிறுத்தினார், ரத்தம் நிற்காது என்று யாரோ சொன்னார்களாம். அந்த வாரமே ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்து மறுபடி ஆஸ்பத்திரி. பிழைத்துவிட்டார், ஆனால் இதயத்தின் பம்பிங் குறைந்துபோய் மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. ஒரு பல்லுக்குப் பஞ்சை வைத்துக் கடித்துக்கொண்டாலே பெரும்பாலும் ரத்தம் நின்றுவிடும்! பல் டாக்டரே நிறுத்தச் சொன்னாலும் இதய டாக்டரிடம் ஒரு போன் போட்டுக் கேளுங்கள். டிகாக்ரிலோர் சிலருக்கு மூச்சு முட்டுவதுபோல் செய்யும், அதற்கும் அவரிடம்தான் மாற்று கேட்க வேண்டும். காசுதான் சிக்கல் என்றால் கூச்சப்படாமல் அதையும் சொல்லுங்கள். குளோபிடோக்ரெல் அவ்வளவு விலை இல்லை.

டெஸ்ட் நார்மல் என்று கொழுப்பு மாத்திரையை விடுவது

நார்மல் ஆனதே அந்த மாத்திரையால்தான்.

நெஞ்சுவலியைக் கேஸ் என்று நினைத்து சோடா குடிப்பது

அது மாரடைப்பாக இருக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு வலியே இல்லாமல் வியர்வை, மூச்சுத்திணறலாக மட்டும்கூட வரும். உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.

நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை நின்றபடி போடுவது

பிரஷர் சட்டென்று இறங்கும், உட்கார்ந்து போடுங்கள். அப்புறம், வயாகரா வகை மாத்திரை போட்டிருந்தால் அதன் வேகம் உடம்பில் இருக்கும்வரை இந்த நாக்கடி மாத்திரையைத் தொடவே கூடாது. ஒரு நாள், சிலவற்றுக்கு இரண்டு நாள். நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் டாக்டரிடம் முதலில் இதைச் சொல்லுங்கள், மனைவி பக்கத்தில் நின்றால்கூட.