குட்டைத் தண்ணீரில் பாசி விஷம்: வீட்டிலேயே ஸ்ட்ரிப் வைத்துப் பார்ப்பது எப்படி

கொடைக்கானல் மலையில் மன்னவனூர் பக்கம் எங்கள் கேரட் காட்டுக்குக் கீழே ஒரு குட்டை இருக்கிறது. போன வருஷம் சித்திரையில், ஒரே வாரத்தில், யாரோ பச்சைப் பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்ததுபோல் ஆகிவிட்டது. பக்கத்துக் காட்டு அண்ணனின் மாடுகள் அங்கேதான் தண்ணீர் குடிக்கும். "மலைக் குளிருக்கு அதெல்லாம் வராது தம்பி" என்று நாலு பேர் சொன்னார்கள். வரும். காட்டு உரம் கரைந்து இறங்கும் தண்ணீர், காற்றில்லாத வெயில் நாட்கள், ஓட்டமில்லாத குட்டை, இந்த மூன்றும் சேர்ந்துவிட்டால் ஆறாயிரம் அடி உயரம் ஒன்றும் காப்பாற்றாது.

அப்போது நான் செய்ததை, செய்த தப்புகளோடு சேர்த்து எழுதி வைக்கிறேன்.

முதலில், இது எந்தப் பாசி?

ஒரு குச்சியை விட்டுச் சுழற்றி எடுங்கள். தலைமுடி மாதிரி நூல் நூலாகச் சுற்றிக்கொண்டு வந்தால் அது பெரும்பாலும் சாதாரண இழைப்பாசி. குச்சியில் பெயின்ட் பூசியதுபோல் ஒட்டினால் நீலப்பச்சைப்பாசியாக இருக்க வாய்ப்பு அதிகம் (பெயரில்தான் பாசி, உண்மையில் அது சயனோபாக்டீரியா என்கிற பாக்டீரியா). இன்னும் சந்தேகம் என்றால் பழைய ஊறுகாய் பாட்டிலில் முக்கால்வாசி பிடித்து, ஃபிரிட்ஜில் ராத்திரி முழுக்க ஆட்டாமல் வையுங்கள். காலையில் பச்சை அடியில் படிந்திருந்தால் நல்லது. பால் ஆடைபோல் மேலே திரண்டு நின்றால் பெரும்பாலும் நீலப்பச்சைப்பாசிதான், அதன் செல்லுக்குள் இருக்கும் காற்றுப்பைகள்தான் அதை மிதக்க வைக்கின்றன. வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். என் வீட்டில் அது புதினா சட்னி என்று நினைத்து ஒருவர் மூடியைத் திறந்துவிட்டார்.

மைக்ரோஸ்கோப் கட்டாயமில்லை. ஆனால் வாங்குவதாக இருந்தால், கணினியில் சொருகும் மலிவு ரகத்தை விட்டுவிட்டு, ஃபோல்டுஸ்கோப் என்கிற காகித மைக்ரோஸ்கோப்பை வாங்குங்கள். 140 மடங்கு பெரிதாக்கும், சட்டைப் பையில் மடங்கிக் கிடக்கும். ஒழுங்கில்லாத மேகத் துண்டுக்குள் பொடிப் பொடி உருண்டைகள் கருத்துத் தெரிந்தால் மைக்ரோசிஸ்டிஸ். மணி கோத்த சரம்போல் இருந்தால் அனபீனா, அசல் பாசிமணி மாலைதான். ஆனால் ஒரே இனத்தில் விஷம் செய்வதும் உண்டு, செய்யாததும் உண்டு. ஆள் யார் என்று மைக்ரோஸ்கோப் சொல்லும், கையில் கத்தி இருக்கிறதா என்று சொல்லாது. அதற்குத்தான் ஸ்ட்ரிப், அதாவது தண்ணீரில் வைத்தால் கோடு காட்டும் சோதனைப் பட்டை.

தண்ணீர் எடுப்பது

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். காலையில், காற்று எழும்புமுன் போங்கள். ராத்திரி காற்றில்லாவிட்டால் பாசி மேலே ஏறி நிற்கும், அப்புறம் காற்று அடிக்கிற பக்கத்துக் கரையில் எல்லாம் ஒதுங்கிவிடும். கொடைக்கானல் ஏரி மாதிரி நட்சத்திர வடிவில் கை கையாகப் பிரிந்த ஏரியில் ஒரு கை சுத்தமாகவும் இன்னொரு கை பச்சையாகவும் இருக்க முடியும். அதனால் இரண்டு பாட்டில்: ஒன்று மாடு வாய் வைக்கும் கரையோரத்தில், இன்னொன்று நடுவில். (பேரிஜம் ஏரிக்குப் போகிறவர்கள் கவனிக்க, அது வனத்துறை இடம், அனுமதி இல்லாமல் பாட்டிலோடு இறங்காதீர்கள்.)

பாட்டில் கண்ணாடியாக இருக்கட்டும். சிலவகை பிளாஸ்டிக்கின் சுவரில் இந்த விஷம் ஒட்டிக்கொள்ளும், அளவு குறைத்துக் காட்டும். வெளிச்சம் படாமல் அலுமினியத் தாளைச் சுற்றி, தேதியும் இடமும் எழுதி, ஐஸோடு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

நான் இரண்டு தடவை சறுக்கிய இடம்

கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

நான் வாங்கியது மைக்ரோசிஸ்டின் ஸ்ட்ரிப், இணையத்தில் கிடைத்த பெட்டி. மைக்ரோசிஸ்டின் ஈரலைத் தாக்கும் விஷம், 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. எடுத்துவந்த தண்ணீரில் நேராக ஸ்ட்ரிப்பை வைத்தேன். இரண்டு கோடு, இரண்டும் பளிச்சென்று. பின்னால் நின்று எட்டிப் பார்த்த அண்ணன், "ரெண்டு கோடு வந்தா இருக்குன்னுதானே அர்த்தம்? கொரோனாவுல அப்படித்தானே பார்த்தோம்?" என்றார். எனக்கும் அதே எண்ணம். மாடுகளைக் கட்டிவிட்டோம்.

ராத்திரி பெட்டிக்குள் இருந்த தாளை விரித்துப் படித்தால் எல்லாம் தலைகீழ். இந்த ஸ்ட்ரிப்பில் விஷம் கூடக் கூடச் சோதனைக் கோடு மங்கும். கோடு அடர்த்தியாக இருந்தால் விஷம் இல்லை, கோடே காணாமல் போனால்தான் ஆபத்து. (மேலே இருக்கும் கட்டுப்பாட்டுக் கோடு எப்போதும் தெரிய வேண்டும், அது வராவிட்டால் ஸ்ட்ரிப் கெட்டது என்று அர்த்தம்.) அப்பாடா என்று, விடிந்ததும் மாட்டை அவிழ்க்கச் சொல்லலாம் என்று படுத்துவிட்டேன்.

அதுவும் தப்பு. தாளின் கடைசிப் பக்கத்தைக் காலையில்தான் பார்த்தேன். பாசி உயிரோடு இருக்கும்வரை மைக்ரோசிஸ்டினில் பெரும்பகுதி செல்லுக்கு உள்ளேயே இருக்கும். ஸ்ட்ரிப் பார்ப்பது வெளியே தண்ணீரில் கரைந்திருப்பதை மட்டும். பச்சைத் தண்ணீரில் நேராக முக்கினால் 'ஒன்றுமில்லை' என்றுதான் காட்டும், மாட்டின் வயிற்றுக்குள் போய்ச் செல் உடையும்போதுதான் விஷயம் தெரியும். ஆக, முதல் நாள் தப்பாகப் படித்து மாட்டைச் சரியாகக் கட்டினோம், மறுநாள் சரியாகப் படித்து அவிழ்த்துவிட இருந்தோம்.

எனவே செல்லை உடைக்க வேண்டும். சில பெட்டிகளில் அதற்கான பொடி தனியாக வரும், அதையே வாங்குங்கள், கூடுதல் காசு கொடுத்தாலும் பரவாயில்லை. என் பெட்டியில் இல்லை. அப்படியானால் ஃப்ரீசர்:

பாட்டிலைக் குலுக்கி, சின்னக் கண்ணாடிக் குப்பியில் பாதிக்கு மேல் போகாமல் ஊற்றுங்கள். நான் கழுத்துவரை ஊற்றி, உறைந்து விரிந்து, குப்பி வெடித்து, ஐஸ்கிரீம் டப்பாவைச் சுற்றிப் பச்சைக் கட்டியைச் சுரண்டி எடுத்தேன் (டப்பாவையும் தூக்கிப் போட்டேன்). கல்லாக உறைய வேண்டும். நடுவில் கொழகொழவென்று இருந்தால் இன்னும் நேரம் விடுங்கள். எடுத்து, கை பொறுக்கும் சூட்டில் உள்ள வெந்நீரில் குப்பியை நிறுத்தி முழுக்க உருக விடுங்கள். மறுபடி ஃப்ரீசர். மொத்தம் மூன்று தடவை. நம் ஊர் கரண்டில் எனக்கு இரண்டு நாள் ஆனது. மார்கழி உறைபனியில் வாசலில் வைத்தால் போதாதா என்று கேட்காதீர்கள், புல்நுனியில் வெள்ளை பூக்கிற பனிக்குக் குப்பி அடிவரை உறையாது.

மூன்றாவது உருகலுக்குப் பிறகு அதே கரையோரத் தண்ணீரில் ஸ்ட்ரிப் வைத்தேன். கோடு இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தும் இல்லை.

எண்ணைப் படிப்பது

என் ஸ்ட்ரிப் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்வரைதான் காட்டும். கோடே இல்லை என்றால் பத்துக்கு மேல், எவ்வளவு மேல் என்று தெரியாது. அப்போது 1 மில்லி தண்ணீரோடு 9 மில்லி டிஸ்டில்டு வாட்டர் கலந்து மறுபடி வைத்து, வருவதைப் பத்தால் பெருக்குங்கள். எனக்கு நிற அட்டையில் இரண்டரைக்கும் ஐந்துக்கும் நடுவே வந்தது, அதாவது 25-லிருந்து 50-க்குள்.

இது அதிகமா? உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட மைக்ரோசிஸ்டின் வழிகாட்டு அளவுகள்: காலம் முழுக்கக் குடிக்கும் தண்ணீருக்கு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம், குறுகிய காலத்துக்குக் குடிப்பதற்கு 12, குளிக்க, நீந்த 24. ஒரு மைக்ரோகிராம் என்றால் 10 லட்சம் லிட்டரில் ஒரு கிராம். இவை மனிதர்களுக்கானவை. மாட்டுக்கு நான் 1-ஐயே வைத்துக்கொண்டேன், அதற்கு மேல் யோசிக்கத் தைரியம் இல்லை.

காய்ச்சினால் போய்விடாதா என்று வீட்டில் கேட்டார்கள். போகாது. தண்ணீர் சுண்ட, விஷம் கூடத்தான் செய்யும். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலீடோ நகரத்தில் குழாய்த் தண்ணீரிலேயே இது வந்து, சுமார் 4 லட்சம் பேரைக் குடிக்காதீர்கள், காய்ச்சவும் செய்யாதீர்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

மயில்துத்தம் போடாதீர்கள்

நான் ஃப்ரீசரோடு மல்லுக்கட்டி முடித்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. அண்ணன் பயிர் நோய்க்கு அடிக்கும் போர்டோ கலவைக்கு வாங்கி வைத்திருந்த மயில்துத்தத்தைக் குட்டையில் கொட்டிவிட்டார். ஐந்தே நாளில் தண்ணீர் தெளிந்தது. ஊரே பாராட்டியது. எனக்கு மட்டும் வயிற்றைக் கலக்கியது, ஏனென்றால் மயில்துத்தம் பாசியைக் கொன்றால் செல் உடையும், உள்ளே இருந்ததெல்லாம் ஒரே நேரத்தில் தண்ணீருக்கு வரும்.

இங்கேதான் செல்லை உடைக்காத சோதனைக்கு வேலை வருகிறது. தண்ணீரை ஊசிக் குழாயில் மாட்டும் வடிகட்டியில் (0.45 மைக்ரான், காபி வடிகட்டி உதவாது) வடித்து, உறைய வைக்காமல் ஸ்ட்ரிப் வைத்தால் கரைந்த விஷம் மட்டும் தெரியும். பச்சையாக இருந்தபோது பளிச்சென்று இருந்த கோடு, கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீரில் பாதி மங்கிப்போயிருந்தது, அட்டையில் 5-க்குப் பக்கம்.

அதிலிருந்து வாரம் ஒருமுறை இரண்டு சோதனையும் செய்தேன்: உறையவைத்து உருக்கியது மொத்தத்துக்கு, வடிகட்டியது கரைந்ததற்கு. கூடவே, தண்ணீர் எவ்வளவு தெளிவு என்று பார்க்க, 20 சென்டிமீட்டர் எவர்சில்வர் தட்டில் கால் கால் பங்காகக் கறுப்பும் வெள்ளையும் மாற்றி அடித்து, கயிற்றில் இறக்கி, எந்த ஆழத்தில் மறைகிறது என்று குறித்தேன். நாலாவது வாரம்தான் இரண்டு ஸ்ட்ரிப்பிலும் கோடு முழுசாக நின்றது. அடுத்த வாரமும் அப்படியே இருந்த பிறகுதான் மாடுகள் இறங்கின.

பின்னால் சேர்த்தது

ஒருவர் குழாய்த் தண்ணீரில் செய்து பார்த்துக் குழம்பியிருந்தார். குளோரின் இருந்தால் பாட்டிலுக்குள்ளேயே விஷத்தைச் சிதைத்துக்கொண்டிருக்கும், காலையில் பிடித்ததை மாலையில் பார்த்தால் குறைவாகக் காட்டும். பிடித்தவுடனே சோடியம் தயோசல்ஃபேட் துளி போடுங்கள், மீன்தொட்டிக் கடையில் ஆன்டி-குளோரின் படிகம் என்று கேட்டால் பெரும்பாலும் அதுதான் வரும்.

இன்னொருவர் அனுப்பிய 'சிவப்புப் பாசி' படம் அசோலா, பாசியே இல்லை, தண்ணீரில் மிதக்கும் பெரணிச் செடி. வெயிலும் குளிரும் சேர்ந்தால் அது சிவக்கும். கிட்டப் போய்ப் பார்த்தால் குட்டிக் குட்டி இலைகள் தெரியும்.

இந்த ஸ்ட்ரிப் மைக்ரோசிஸ்டினையும் அதன் இனத்தையும் மட்டுமே பிடிக்கும். நரம்பைத் தாக்கும் அனடாக்சினுக்கு வேறு ஸ்ட்ரிப். தண்ணீரில் இறங்கி வந்து உடம்பை நக்கிய நாய் தள்ளாடினால், வலிப்பு வந்தால், ஸ்ட்ரிப் தேடாமல் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். குடிநீர் சம்பந்தப்பட்டது என்றால் என் மாதிரி வீட்டு வேலையோடு நிறுத்தாமல் எலைசா (விஷத்தின் அளவை இன்னும் துல்லியமாக அளக்கும் சோதனை) செய்யும் ஆய்வகத்துக்கு ஐஸில் வைத்து அனுப்புங்கள்.

கடைசியாக, ஸ்ட்ரிப்பைத் தாளில் சொன்ன நிமிடத்துக்குள் படித்து, நிற அட்டையோடு சேர்த்து போனில் படம் எடுத்துவிடுங்கள். காய்ந்தபின் கோட்டின் நிறம் மாறும். அண்ணன் எல்லா ஸ்ட்ரிப்பையும் தினசரி காலண்டர் அட்டைக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார், போன வாரமும் ஒன்றை உருவிக் காட்டி, "பாரு தம்பி, இப்பக் கோடு தெரியுது" என்றார்.