வரைபட சர்வரை மேம்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இணையத்தில் வரைபடம் வழங்கும் மென்பொருளான ஜியோசர்வரின் 2 வரிசைப் பதிப்பை, ஜாவா செயலிகளை ஓட்டும் சர்வரான டாம்கேட் 10இல் வைத்தால் அது எழவே எழாது. ஜாவாவின் பழைய தொகுப்புப் பெயர்கள் டாம்கேட் 10இல் மாறிவிட்டன. 2 வரிசைக்கு டாம்கேட் 9தான் சரி. இது சின்னத் தவறு, பதிவுக் கோப்பைத் திறந்தால் காரணம் பிடிபட்டுவிடும். சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே சத்தமில்லாமல் நிகழ்பவைதான் ஆளைக் கவிழ்க்கின்றன.

முதலாவது, அச்சு வரிசை, அதாவது அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டில் எது முதலில் என்பது. வரைபடத் தரவைக் கையாளும் நிரலகமான ஜிடாலின் 2ஆம் பதிப்பு வரை, இபிஎஸ்ஜி 4326 என்ற அட்ச-தீர்க்கரேகை ஆயமுறைக்குத் தீர்க்கரேகையை முதலில் கொடுத்துப் பழகியிருப்போம். 2019இல் வந்த ஜிடால் 3, அட்சரேகையை முதலில் எதிர்பார்க்கிறது. சென்னை வடக்கே 13.08, கிழக்கே 80.27. பழைய பைதான் நிரலை அப்படியே ஓட்டினால் 80.27 அட்சரேகையாகிவிடும், மாநகராட்சியின் 200 வார்டுகளும் ஸ்வால்பார்டுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் போய் விழும். பிழைச் செய்தி எதுவும் வராது. திரையில் சென்னையை மட்டும் பார்ப்பவருக்கு அடுக்கு வெறுமையாகத் தெரியும். அவர் வண்ண விதிகளைத் திருத்திக்கொண்டே நாளைக் கழிப்பார். பழைய வரிசையே வேண்டுமென்றால் நிரலில் அதை வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். பிறகு சென்ட்ரல் ரயில் நிலையம் போன்ற தெரிந்த புள்ளி ஒன்றைப் போட்டுப் பார்க்க வேண்டும். வரைபடப் படங்களைக் கேட்டு வாங்கும் நெறிமுறையான டபிள்யூஎம்எஸ் 1.1.1இலிருந்து 1.3.0க்குப் போகிறவர்களுக்கும் இதே பொறிதான்.

அடுத்தது இயங்குதளம். உபுண்டு 18.04இலிருந்து 20.04க்கு ஏறும்போது இடையில் லினக்ஸின் அடிப்படை நிரலகமான ஜிலிப்சி 2.28 வந்து எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதியை மாற்றியிருக்கிறது. தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸின் தரவுக் கோப்புகளை அப்படியே நகர்த்தியிருந்தால், தெருப்பெயர்களை விரைவாகத் தேட உதவும் அட்டவணைக் குறியீடுகள் (இண்டெக்ஸ்) பழைய விதிப்படியே நிற்கும். தெரு தரவுத்தளத்தில் இருக்கும், தேடினால் கிடைக்காது. குறியீடுகளை மறுபடி கட்டாமல் சேவையைத் திறக்காதீர்கள். போஸ்ட்கிரெஸில் வரைபடத் தரவைக் கையாள உதவும் போஸ்ட்ஜிஐஎஸ் நீட்சியையும் தரவுத்தளத்துக்குள் தனியாக மேம்படுத்த வேண்டும். இயங்குதளத்தில் தொகுப்பை நிறுவினால் மட்டும் போதாது.

புதிய இயந்திரத்தில் தமிழ் எழுத்துரு இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. ஆங்கிலப் பெயர்கள் ஒழுங்காக வரும், கோயம்பேடு மட்டும் கட்டம் கட்டமாக நிற்கும். சோதனைக்கு ஆங்கில வரைபடத்தையே எடுத்தால் இது எப்படித் தெரியும்?

ஜியோசர்வரின் தரவுக் கோப்புறையை நிரலின் கோப்புறைக்குள்ளேயே விட்டிருந்தால், புதிய பதிப்பை நிறுவும்போது அடுக்குகள், பாணிகள் எல்லாம் அழிந்துபோகலாம். வெளியே எடுத்து, ஒரு நகலும் வைத்துக்கொள்ளுங்கள். நீட்சிகளின் பதிப்பு சர்வரின் பதிப்போடு அச்சாகப் பொருந்த வேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், வெள்ளம் தேங்கும் இடங்களை ஊரே தேடும்போது, பெரிய மேம்படுத்தலில் கை வைக்காதீர்கள். பாதுகாப்புத் திருத்தங்களுக்கு மட்டும் விலக்கு. 2024இல் வெளியான ஜியோசர்வர் ஓட்டையின் வழியாக, கடவுச்சொல் இல்லாமலேயே வெளியாள் சர்வரில் கட்டளை ஓட்ட முடிந்தது. 2.25.1 வைத்திருந்தவர் 2.25.2க்கு மாறினாலே அது அடைபட்டது. அப்படிப்பட்ட சிறு தாவலுக்கு மழை நிற்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை.