வான்ஆர்ஸ்டெல் பரிசுக்கு எழுதுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

விக்டோரியா அரசி காலத்து (1837-1901) பிரிட்டிஷ் பத்திரிகைகளைப் பற்றி ஆய்வு மாணவர்கள் எழுதும் கட்டுரைகளில் சிறந்த ஒன்றுக்கு ஆண்டுதோறும் தரப்படுவது வான்ஆர்ஸ்டெல் பரிசு. விக்டோரியப் பத்திரிகை ஆய்வுச் சங்கம், தன்னைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான ரோஸ்மேரி வான்ஆர்ஸ்டெல் பெயரில் 1990இல் இதை ஏற்படுத்தியது. பரிசு பெறும் கட்டுரை சங்கத்தின் காலாண்டு இதழிலும் அச்சேறும்.

பத்திரிகையைக் கிடங்காக நினைப்பதுதான் பெரிய தவறு. டிக்கன்ஸின் 'ஹார்டு டைம்ஸ்' நாவலை ஒருவர் எடுத்துக்கொள்கிறார். அது 1854இல் 'ஹவுஸ்ஹோல்டு வேர்ட்ஸ்' வார இதழில் தொடராக வந்தது என்று ஒரு வரி எழுதிவிட்டு, மீதி முழுக்க நாவலைப் பற்றியே பேசுகிறார். அது நல்ல நாவல் ஆய்வாக இருக்கலாம். பத்திரிகை ஆய்வு ஆகாது.

அதற்குப் பதிலாக 1854 ஏப்ரல் 22 இதழை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். 24 பக்கம், பக்கத்துக்கு இரண்டு பத்தி, விலை 2 பென்ஸ். தொடக்கத்தில் நாவலின் அந்த வாரத் தவணை. சில பக்கங்கள் தள்ளி 'கிரவுண்டு இன் தி மில்' என்றொரு கட்டுரை: தடுப்பு வைக்காத ஆலை இயந்திரங்களில் சிக்கிக் கையிழந்தவர்கள், உயிரிழந்தவர்கள் கதை. நாவலில் பின்னால் வரும் ஓர் அத்தியாயத்தின் மெய்ப்புப் படியில் (பிழை திருத்த எடுக்கும் படி), இந்தக் கட்டுரையைப் பார்க்கச் சொல்லி டிக்கன்ஸ் ஓர் அடிக்குறிப்பே சேர்த்திருந்தார். அச்சுக்குப் போகுமுன் எடுத்துவிட்டார். நாவலும் கட்டுரையும் ஒரே இதழில் இருந்ததை வைத்து ஒரு முழு ஆய்வே எழுதலாம். புத்தகமாக மட்டும் படித்தவர் கண்ணில் இது படவே படாது.

அந்தக் கட்டுரையிலேயே இன்னொரு தவறுக்கும் இடம் இருக்கிறது. எழுதியவர் பெயர் அதில் இல்லை. பக்கத்தின் மேலே 'நடத்துபவர் சார்லஸ் டிக்கன்ஸ்' என்ற வரி மட்டும் இருக்கிறது. அதைப் பார்த்து டிக்கன்ஸ் எழுதியது என்று மேற்கோள் காட்டிவிடுகிறார்கள். எழுதியவர் ஹென்றி மார்லி. துணை ஆசிரியர் வில்ஸ், யார் எழுதியது, எவ்வளவு கொடுத்தோம் என்று எழுதிவைத்த அலுவலகப் பேரேடு தப்பிப் பிழைத்ததால்தான் இது நமக்குத் தெரிகிறது.

மாத, காலாண்டு இதழ்களுக்கு வெல்லஸ்லி அட்டவணை இருக்கிறது. 1966 முதல் 1989 வரை ஐந்து தொகுதிகளாக வந்து, நாற்பதுக்கும் மேற்பட்ட இதழ்களில் பெயரில்லாமல் எழுதியவர்களை அடையாளம் காட்டிய பேருழைப்பு அது. ஆனால் கவிதைகளை அது சேர்க்கவில்லை. அதில் பெயர் இல்லை என்பதை ஒரு முடிவாக எழுதிவிடாதீர்கள். பெயரைக் கண்டுபிடித்த பிறகும் ஒன்று மறக்கக் கூடாது: அன்றைய வாசகருக்கு அந்தப் பெயர் தெரியாது. மார்லியின் குரலாக நாம் படிப்பதை அவர்கள் பத்திரிகையின் குரலாகப் படித்தார்கள்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. 1860 ஜனவரியில் வந்த 'கார்ன்ஹில்' மாதப் பத்திரிகையின் முதல் இதழ் 1,00,000 பிரதிகளுக்கு மேல் விற்றது. அந்த எண்ணைக் 'கார்ன்ஹில்லின் விற்பனை' என்று பத்தாண்டுகளுக்கு நீட்டிவிடுகிறார்கள். விற்பனை அந்த உயரத்தில் நிற்கவில்லை. ஆசிரியர் மாறினால் இதழும் மாறும். எந்த ஆண்டைப் பேசுகிறீர்கள் என்று சொல்லுங்கள்.

இன்று எல்லாரும் விழுகிற குழி டிஜிட்டல் தேடல். ஒரு சொல்லைத் தட்டினால் அது வரும் பக்கங்கள் வந்துவிடுகின்றன. சுற்றிலும் என்ன இருந்தது என்பது மறைந்துவிடுகிறது. மங்கிய எழுத்தையும் ஒட்டிக்கொண்ட பத்திகளையும் கணினி தப்பாகப் படிக்கும். 'தேடினேன், கிடைக்கவில்லை' என்பதற்கும் 'அப்படி ஒன்று அச்சாகவில்லை' என்பதற்கும் இடையே பெரிய தூரம். என்னைக் கேட்டால், எடுத்துக்கொண்ட இதழில் ஓர் அரையாண்டுத் தொகுதியையாவது முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படித்துவிட்டுப் பிறகு தேடல் பெட்டிக்குப் போங்கள்.

ஸ்கேன் செய்யப்பட்டவற்றில் பெரும்பகுதி நூலகங்களின் பைண்ட் தொகுதிகள். பைண்ட் செய்யும்போது அட்டையையும் விளம்பரத் தாள்களையும் கிழித்துப் போடுவது வழக்கமாக இருந்தது. அது தெரியாமல் 'இந்த இதழ் விளம்பரமே வாங்கவில்லை' என்று ஒரு வாதத்தைக் கட்டினால் அடித்தளமே ஆடிவிடும். பைண்ட் ஆகாத உதிரி இதழ் எந்த நூலகத்திலாவது இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

அனுப்பும் நேரத்துத் தவறுகள் எளியவை, ஆனால் வலிக்கும். ஏற்கெனவே வெளியான கட்டுரை செல்லாது. பக்க அளவு, கடைசித் தேதி, யார் அனுப்பலாம் என்பதை அந்த ஆண்டு அறிவிப்பிலேயே பாருங்கள். ஆய்வேட்டின் ஓர் இயலை அப்படியே வெட்டி அனுப்புகிறவர்கள் 'முந்தைய இயலில் கண்டதுபோல' என்ற வரியையும் சேர்த்தே அனுப்பிவிடுகிறார்கள். அந்த வரியைத் தூக்கினால் மட்டும் போதாது. முந்தைய இயலில் சொன்ன விஷயத்தை இங்கே இரண்டு வரியில் புதிதாக எழுதுங்கள்.